அம்மாவின் வசனமும் மனைவியின் வசனமும்

அன்புள்ள ஐயா,

கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம். பல வருடங்களாக நாளுக்கு ஓர் அதிகாரமாக, வேதாகமத்திலுள்ள சாலொமோனின் நீதிமொழிகளை வாசித்து வருகிறேன். மொத்தம் 31 அதிகாரங்கள் என்பதால் தேதியைப் பார்த்து அதிகாரத்தைத் திறப்பது பழக்கமாகிவிட்டது. போன வாரம் என் தம்பி வீட்டுக்கு வந்தான். கடன் வாங்கப்போவதாகவும், நான் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் கேட்டான். "இடுக்கணில் உதவவே சகோதரன் பிறந்திருக்கிறான்" என்று அம்மா உடனே 17:17ஐச் சொல்லிவிட்டார்கள். அன்று இரவு என் மனைவி அதே பக்கத்தைத் திறந்து அடுத்த வசனத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். சிநேகிதனுக்காகப் பிணைப்படுகிறவன் புத்தியீனன் என்கிறது அது. 6ஆம் அதிகாரமும் அதைத்தான் சொல்கிறது. "ஜெபித்துச் சொல்கிறேன்" என்று தம்பியை அனுப்பிவிட்டேன். ஜெபித்தும் தெளிவு பிறக்கவில்லை. வேதம் இப்படி இரண்டு பக்கமும் பேசினால், அன்றாட வாழ்க்கையில் அதன்படி நடப்பது எப்படி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். அதில் அம்மா இருக்கிறார், மனைவி இருக்கிறார், மூன்று இடங்களிலிருந்து வசனம் இருக்கிறது. தம்பி எதற்காகக் கடன் வாங்குகிறார் என்பது மட்டும் இல்லை. எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு, முன்பு வாங்கிய கடன் ஏதும் நிற்கிறதா என்பதும் இல்லை. நீங்கள் எழுத மறந்திருக்கலாம். ஆனால் தம்பியிடம் நீங்கள் கேட்கவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் உங்களுக்கான வசனம் 18ஆம் அதிகாரத்தில், 13இல் இருக்கிறது. காரியத்தைக் கேட்குமுன் உத்தரவு சொல்வது புத்தியீனம், வெட்கம். ஒரு நாள் தள்ளி வாசித்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

வேதம் இரண்டு பக்கமும் பேசுகிறதா என்றால், பேசுகிறது. மறைக்க ஒன்றுமில்லை. 26:4 மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி பதில் சொல்லாதே என்கிறது. 26:5 சொல் என்கிறது. இது கவனக்குறைவில் நேர்ந்தது என்று நினைக்க இடமில்லை. தொகுத்தவர்கள் இரண்டையும் ஒட்டியே வைத்திருக்கிறார்கள். இப்படி ஒன்றையொன்று மறுக்கும் வாக்கியங்கள் இருப்பதால் இந்தப் புத்தகத்தையே ஒதுக்கிவிடலாமா என்று யூத ரபிமார் யோசித்ததாக அவர்களுடைய பழைய போதனைத் தொகுப்பான தல்மூதில் ஒரு பதிவு உண்டு. கடைசியில் அவர்கள் ஒதுக்கவில்லை. ஒரு வசனம் வேதக் காரியங்களுக்கு, மற்றது உலகக் காரியங்களுக்கு என்று பிரித்துச் சமாதானம் சொன்னார்கள். அந்தப் பிரிவினை சரியா என்பது வேறு விஷயம். எந்த வசனம் எந்த இடத்துக்கு என்று கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம்மைக் குழப்புவதில் தமிழ்த் தலைப்புக்கும் பங்கிருக்கிறது என்பது என் சந்தேகம். 'நீதிமொழிகள்' என்றதும் நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி காதில் விழுகிறது. எபிரெயத்தில் அது 'மிஷ்லே'. மாஷால் என்றால் ஒப்புமை, உவமை, பழமொழி. பழமொழி எப்படி நடந்துகொள்ளும் என்று தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பதறாத காரியம் சிதறாது என்போம். மறுநாளே காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்போம். எதை எப்போது சொல்வது என்பது பழமொழிக்குள் இல்லை, சொல்கிறவர் தலைக்குள் இருக்கிறது. அந்தத் தலை சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நீதிமொழிகளே எழுதி வைத்திருக்கிறது: மூடன் வாயில் அகப்பட்ட பழமொழி, வெறியன் கையில் அகப்பட்ட முள். குடித்தவன் முள்ளை வீசினால் தன்னையும் கிழித்துக்கொள்வான், பக்கத்தில் நிற்பவனையும் கிழிப்பான்.

அந்த முள்ளை நான் பிடித்திருக்கிறேன். வருடங்களுக்கு முன்பு ஒரு நண்பர் உங்கள் தம்பியைப் போலவே கேட்டு வந்தார். அவர் வருகிற காரணம் எனக்கு முன்பே தெரியும். அவர் உட்கார்ந்ததும் வேதாகமத்தை எடுத்து 17:18ஐ வாசித்துக் காட்டினேன். சத்தமாக, கொஞ்சம் உருக்கமாகக்கூட. அவருடைய சட்டைப் பையில் நான்காக மடித்த தாள் ஒன்றின் ஓரம் தெரிந்தது. நான் வாசிக்க வாசிக்க அவர் கை அந்தப் பையின் மேல் போய்ப் படிந்தது, யாரோ பிடுங்கிவிடுவார்கள் என்பதுபோல. தாளை அவர் வெளியே எடுக்கவே இல்லை. "சரி" என்று எழுந்து போனார். கையெழுத்துப் போடாதது தவறு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. என்னிடம் அப்போது அடைக்க எதுவும் இல்லை. "என்னால் முடியாது, பயமாயிருக்கிறது" என்று சொல்லியிருந்தால் நட்பு தப்பியிருக்கும். என் பயத்துக்கு நான் சாலொமோனின் உடையைப் போட்டு அனுப்பினேன்.

'ஜெபித்துச் சொல்கிறேன்' என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ளாதீர்கள். விசுவாசிகள் மத்தியில் 'முடியாது' என்பதற்கு அது மரியாதையான பெயராகிவிட்டது. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கட்டும் என்று யாக்கோபு எழுதியது உண்மைதான். ஆனால் அவரிடம் ஞானத்தைக் கேட்டுவிட்டு, தம்பியிடம் விவரத்தைக் கேட்காமலிருப்பது எந்த வகை ஜெபம் என்று எனக்கு விளங்கவில்லை.

இனி அந்த இரண்டு வசனங்களுக்கு வருகிறேன். பிணைப்படுவதை நீதிமொழிகள் அவ்வளவு கடுமையாகத் தாக்குவதற்குக் காரணம் உண்டு. அன்று கடன் கொடுத்தவன் கை வீட்டுக்குள் எவ்வளவு தூரம் வரும் என்பதை 22:27 காட்டுகிறது: கொடுக்க ஒன்றுமில்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையே உருவிக்கொண்டு போவான். 2 இராஜாக்கள் 4இல் அது படுக்கையோடும் நிற்கவில்லை. புருஷனை இழந்த ஒரு பெண்ணின் இரண்டு பிள்ளைகளை அடிமையாக்கிக்கொள்ளக் கடன்காரன் வந்து நிற்கிறான். ஆகவேதான் 6ஆம் அதிகாரம் தூங்காதே, இன்றைக்கே போய்க் கெஞ்சு, வேடன் கைக்குத் தப்பும் குருவிபோலத் தப்பு என்று அவசரப்படுத்துகிறது. இன்று பிள்ளைகளைப் பிடித்துப் போவதில்லை. ஆனாலும் கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் ஜாமீன்தாரர் மேல் வரும் பொறுப்பு பல நாடுகளின் சட்டத்தில் கடனாளியின் பொறுப்புக்குச் சற்றும் குறைந்ததல்ல. பலர் அதைச் சாட்சிக் கையெழுத்து மாதிரி நினைத்துப் போடுகிறார்கள். உங்கள் மனைவியின் விரல் சரியான இடத்தில்தான் இருந்தது.

அதே வேதத்தில் பிணைப்பட்டவர்களும் இருக்கிறார்கள், மெச்சும்படியாக. தம்பி பென்யமீனை எகிப்துக்கு அழைத்துப் போக யூதா தகப்பனிடம் தன்னையே பிணையாக வைத்தான். நீதிமொழிகள் 6:1இல் வரும் அதே எபிரெய வினைச்சொல்தான் ஆதியாகமம் 43:9இலும் வருகிறது. சிக்கல் வந்தபோது அவன் சாக்குச் சொல்லவில்லை. இளையவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்னால் வந்து நின்றான். பவுலும் அப்படித்தான். அடிமையான ஒநேசிமு தன் எஜமான் பிலேமோனுக்குக் கடன்பட்டிருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று எழுதி, என் சொந்தக் கையால் எழுதினேன், நானே செலுத்தித் தீர்ப்பேன் என்றும் சேர்த்தார். கடன் பத்திரத்தின் நடை அது.

17:18 கண்டிக்கிற மனிதனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? இவர்கள் இருவரும் கொடுத்துத் தீர்க்க வேண்டிவரும் என்று தெரிந்தே சொன்னார்கள். அந்த வசனத்தில் கையடித்துக் கொடுத்துப் பிணைப்படுகிறவன், பணம் கொடுக்க வேண்டிவராது என்று நம்பிக் கையைக் கொடுக்கிறான். அந்த நேரத்துக்கு நல்லவன் என்று பெயர் கிடைக்கிறது, செலவு இல்லாமல்.

இதனால் உங்கள் கேள்வி வசனத்திலிருந்து கணக்குக்கு இறங்குகிறது. இறங்கட்டும். அந்த விதவை தீர்க்கதரிசி எலிசாவிடம் வந்து அழுதபோது அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். கடன் வாங்காதே என்று போதிக்கவில்லை, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று அனுப்பிவிடவும் இல்லை. வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒரு குடம் எண்ணெய் இருந்தது. அற்புதம் அதற்குப் பிறகு. அற்புதம் முடிந்தபின்னும் அவர் சொன்னது முழுக்க வரவுசெலவு: எண்ணெயை விற்றுக் கடனைத் தீர், மீதியில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள். தீர்க்கதரிசி கேட்டது ஒரு கணக்கரின் கேள்வி என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஞானம் என்பதற்கு நீதிமொழிகளில் வருகிற சொல் 'ஹொக்மா'. இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்துக்கு வேலை செய்த பெசலெயேலின் கைத்திறனுக்கும் அதே சொல்தான். யாத்திராகமம் 35இல் நூல் நூற்ற பெண்களை 'ஞான இருதயமுள்ள ஸ்திரீகள்' என்கிறது. நூற்கிறவளுக்கு இழை மெலிவது விரலில் தெரிய வேண்டும். அதற்குச் சூத்திரம் கிடையாது. இழையைத் தொட்டால்தான் தெரியும். நீங்கள் இன்னும் தொடவில்லை.

ஆகையால் தம்பியைப் போய்ப் பாருங்கள். போகும்போது வேதாகமம் வீட்டிலேயே இருக்கட்டும். உங்கள் வரவுசெலவு நோட்டையும் ஒரு பேனாவையும் எடுத்துப் போங்கள். எவ்வளவு, எதற்கு, எதிலிருந்து கட்டுவாய் என்று கேளுங்கள். அவர் ஒரு தவணைகூடக் கட்டாவிட்டால் முழுவதையும் நீங்கள் கட்ட முடியுமா, கட்டிய பிறகும் அவரைச் சாப்பிடக் கூப்பிட முடியுமா என்று உங்களையே கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் கையெழுத்துப் போடுங்கள். அது அம்மாவின் வசனம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் போடாதீர்கள். அதற்குப் பதிலாகக் கையில் இருப்பதில் கொடுத்து மறந்துவிடக்கூடிய தொகை எது என்று பாருங்கள். அதுவும் அம்மாவின் வசனம்தான். முடிவு எதுவானாலும் அதை எனக்கு எழுத வேண்டியதில்லை. முதலில் மனைவியிடம் சொல்லுங்கள், அம்மாவிடம் அப்புறம்.