செகண்ட் ஹேண்ட் காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி: கையெழுத்து போடலாமா, வேணாமா?

கேள்வி: வணக்கம் மேடம். ஆறு வருஷம் ஓடின ஒரு ஆட்டோமேட்டிக் கார் பாத்து வச்சிருக்கோம், 72,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, கம்பெனி வாரண்டி முடிஞ்சு போச்சு. டீலர் ரெண்டு வருஷத்துக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்துக்கோங்கன்னு சொல்றாரு, கார் விலையில 8 பர்சென்ட் வருது, லோன்லயே சேத்துக்கலாமாம். இன்ஜின், கியர்பாக்ஸ்னு எல்லாமே கவர் ஆயிடும், ஒண்ணுக்கும் கவலைப்பட வேணாம்ங்கறாரு. ஆனா இன்னிக்கே சொல்லணுமாம், டெலிவரி எடுத்துட்டா அப்புறம் கிடைக்காதாம். என் வீட்டுக்காரர் வேணவே வேணாம்ங்கறார், எனக்கு கியர்பாக்ஸ நெனச்சா பயமா இருக்கு. சட்டப்படி பாத்தா இது பிரயோஜனப்படுமா மேடம்?

பதில்: உங்க லெட்டர்ல "எல்லாமே கவர் ஆயிடும்"னு ஒரு வரி இருக்கு பாருங்க, அத படிச்சதும் எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, தப்பா எடுத்துக்காதீங்க. வாரண்டி தகராறுன்னு என் வக்கீல் ஆபீஸுக்கு வர்றவங்க அத்தன பேரும் இந்த வார்த்தையோட தான் வருவாங்க. எங்க எழுதியிருக்குன்னு கேட்டா எங்கயும் இருக்காது. அவங்க கையெழுத்து போட்ட பேப்பர்ல பத்து பக்கத்துக்கு வேற என்னென்னவோ இருக்கும், கூடவே, இதுல எழுதாத எந்த வாய்வார்த்தைக்கும் கம்பெனி பொறுப்பில்லன்னு ஒரு வரியும் மறக்காம இருக்கும். அந்த ஒரு வரி டீலர் உங்ககிட்ட சொன்ன எல்லாத்தையும் துடைச்சு போட்டுடும், அப்படியே போடலன்னாலும் அவர் அப்படி சொன்னார்னு நிரூபிக்கற வேல உங்க தலையில தான் விழும்.

முதல்ல இது என்ன சரக்குன்னு பாத்துடுவோம். பேர் தான் வாரண்டி. நிஜ வாரண்டிங்கறது பொருள விக்கறவரோ செஞ்சவரோ பொருளோட சேத்து குடுக்கற உறுதி, அதுக்கு தனியா காசு வாங்க மாட்டாங்க. இது தனியா காசு குடுத்து வாங்கற வேற ஒரு ஒப்பந்தம், கிட்டத்தட்ட இன்சூரன்ஸ் மாதிரி. இதுல பெரும்பாலும் மூணு பேர் இருப்பாங்க, விக்கறவர் ஒருத்தர் (உங்க டீலர், அவருக்கு இதுல கமிஷன் உண்டு), கிளைம் வந்தா சரியா தப்பான்னு முடிவு பண்றவங்க இன்னொரு கம்பெனி, கடைசியா பணம் குடுக்கறவங்க மூணாவதா ஒருத்தர். நாளைக்கு கியர்பாக்ஸ் போச்சுன்னா நீங்க யார் மேல கேஸ் போடணும்? பேப்பர்ல "பொறுப்பு ஏற்பவர்"னு யார் பேர் இருக்கோ அவங்க மேல. அது டீலரே தன் சொந்த பொறுப்புல குடுக்கறதா இருந்து, பின்னாடி எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் இல்லன்னா, அவர் கடைய மூடின அன்னிக்கு உங்க வாரண்டி வெறும் காகிதம். கேஸ் ஜெயிச்சு தீர்ப்ப கையில வச்சுக்கிட்டு வசூல் பண்ண ஆள் இல்லாம நிக்கறது எவ்ளோ கொடுமைன்னு நேர்ல பாத்தா தான் தெரியும்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், மத்தத மறந்தாலும் இத மறக்காதீங்க. இந்த ஒப்பந்தம் நாளைக்கு வர்ற ரிப்பேருக்கு தான். இன்னிக்கே காருக்குள்ள இருக்கற ரிப்பேருக்கு இல்ல. "ஒப்பந்தம் தொடங்கும் முன்பே இருந்த குறை"ன்னு ஒரு விலக்கு, அதாவது இதெல்லாம் கவர் ஆகாதுங்கற விதி, அநேகமா எல்லா பேப்பர்லயும் இருக்கும். புது கார்ல இது பிரச்சனையே இல்ல, செகண்ட் ஹேண்ட் கார்ல சண்டையே இங்க தான். ஏன்னா கியர்பாக்ஸ் ஒரே நாள்ல போறதில்ல. உள்ள பிளேட் தேயும், எண்ணெய் கறுக்கும், ரெண்டாவதுல இருந்து மூணாவது மாறும்போது லேசா ஒரு உதை இருக்கும், அதெல்லாம் மாசக்கணக்கா நடந்துட்டு ஒரு நாள் ரோட்டுல நிக்கும். நீங்க கார் எடுத்து நாலு மாசத்துல அது நின்னுச்சுன்னா, இது எப்போ ஆரம்பிச்சது? நீங்க நாலு மாசம்பீங்க, அவங்க அனுப்பற ஆள் பிரிச்சு பாத்துட்டு இந்த தேய்மானத்துக்கு ஒரு வருஷமாவது ஆகியிருக்கும்னு ரிப்போர்ட் எழுதுவார், கிளைம் ரிஜெக்ட். பொதுவா விலக்கு இருக்குன்னு சொல்ற பக்கம் தான் அத நிரூபிக்கணும்னு நாங்க வாதாடலாம், வார்த்தை ரெண்டு அர்த்தம் குடுத்தா எழுதினவருக்கு எதிரா தான் எடுத்துக்கணும்னும் வாதாடலாம், பல கோர்ட்ல எடுபடவும் செய்யும். ஆனா அதுவரைக்கும் கார் ஷெட்ல கிடக்கும், நீங்க பஸ்ல போவீங்க.

அதனால வாரண்டி எடுக்கறதா வேணாமாங்கறது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, இந்த கார டீலருக்கு சம்பந்தமே இல்லாத ஒரு மெக்கானிக் லிஃப்ட்ல ஏத்தி பாத்தாரா, ஸ்கேனர் போட்டாரா, கியர்பாக்ஸ் ஆயில் எப்படி இருக்குன்னு பாத்தாரா? பாத்து, தேதி, கிலோமீட்டர் ரீடிங் எல்லாம் போட்டு எழுத்துல ஒரு ரிப்போர்ட் குடுத்தாரா? அந்த ரிப்போர்ட் கார நல்லதா கெட்டதான்னு சொல்றதோட நிக்காது. பின்னாடி கிளைம் வந்தா, ஒப்பந்தம் தொடங்கின அன்னிக்கு கியர்பாக்ஸ் சரியா இருந்துச்சுங்கறதுக்கு உங்ககிட்ட இருக்கற ஒரே சாட்சி அது தான். நான் வக்கீலா சொல்றேன், எட்டு பர்சென்ட் குடுத்து வாங்கற வாரண்டிய விட இந்த ஒரு தாளுக்கு மதிப்பு ஜாஸ்தி. ஆனா ஒண்ணு, ரிப்போர்ட்ல ஏதாவது குறைன்னு வந்துட்டா அது உங்களுக்கே எதிரா திரும்பும், தெரிஞ்சே வாங்கினீங்கன்னு சொல்லுவாங்க. அப்படி வந்தா கையெழுத்துக்கு முன்னாடியே டீலர அத சரி பண்ண சொல்லி பில்லோட வாங்குங்க, இல்ல விலைய குறைங்க, இல்ல வேற கார் பாருங்க.

அடுத்து பேப்பர படிக்கணும். விளம்பர நோட்டீஸ இல்ல, முழு ஒப்பந்தத்த, அதுவும் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி. குடுக்க மாட்டேன், பணம் கட்டினா மெயில்ல வரும்னு சொன்னா அங்கயே எழுந்து வந்துடுங்க, இதுல யோசிக்க ஒண்ணுமில்ல. ரெண்டு விதமா எழுதியிருப்பாங்க. ஒண்ணு, எந்தெந்த பாகம் கவர் ஆகும்னு லிஸ்ட் போட்டு, லிஸ்ட்ல இல்லாதது எதுவும் இல்லங்கறது. இன்னொண்ணு, எது எது கவர் ஆகாதுன்னு லிஸ்ட் போட்டு மிச்சம் எல்லாம் கவர்ங்கறது. ரெண்டாவது வகை தான் வாங்கறவருக்கு நல்லது, விலையும் கூட இருக்கும். முதல் வகையில "கியர்பாக்ஸ்"னு ஒரு தலைப்பு இருக்கும், கீழ பாத்தா கியர், ஷாஃப்ட், பேரிங் மட்டும் இருக்கும், ஆனா ஆட்டோமேட்டிக்ல செலவு வைக்கற சாமான், கியர் எப்போ மாறணும்னு சொல்ற எலக்ட்ரானிக் கன்ட்ரோல் யூனிட்டும், ஆயில் அழுத்தத்தால கியர மாத்த வைக்கற வால்வ் பாடியும், அது ரெண்டும் லிஸ்ட்ல இல்லாம போகலாம். உங்க பயம் கியர்பாக்ஸ்ங்கறதால இந்த ரெண்டு பேரும் லிஸ்ட்ல இருக்கான்னு விரல் வச்சு தேடுங்க.

தேய்மானம் கவர் ஆகாதுன்னு இருக்கும், பிரேக் பேட், கிளட்ச், டயர், பேட்டரிக்கு அது நியாயம் தான். ஆனா 72,000 ஓடின கார்ல எத வேணும்னாலும் தேய்மானம்னு சொல்லலாம், அதனால தேய்மானத்துக்கு அவங்க பேப்பர்ல விளக்கம் குடுத்திருக்காங்களான்னு பாருங்க. கவர் ஆகாத ஒரு சின்ன பாகம் போய் அதனால கவர் ஆகற பெரிய பாகம் போனா என்ன? ரேடியேட்டர் ஹோஸ் வெடிச்சு, கூலன்ட் போய், இன்ஜின் சூடாகி உள்ள இருக்கற ஹெட் கேஸ்கெட்ங்கற சீல் போச்சுன்னு வைங்க, ஹோஸ் லிஸ்ட்ல இல்ல, ஓவர்ஹீட் விலக்குல இருக்கு, அப்போ இன்ஜின் லிஸ்ட்ல இருந்தும் பைசா வராது. ஒரு கிளைமுக்கு இவ்ளோ தான்னு உச்சவரம்பு, ஒவ்வொரு தடவையும் நீங்க கைல இருந்து போட வேண்டிய பங்கு, முதல் கொஞ்ச நாளைக்கு கிளைமே பண்ணக்கூடாதுங்கற காத்திருப்பு காலம், ரெண்டு வருஷமா இல்ல இத்தன கிலோமீட்டரா எது முதல்ல வருதோ அது, இதெல்லாம் படிச்சா புரியும், நான் நீட்டல. பிரிச்சு பாக்கற கூலி யாருதுன்னு மட்டும் கேட்டு வைங்க. கிளைம் ரிஜெக்ட் ஆனா பிரிச்ச கூலி, திரும்ப மாட்டற கூலி எல்லாம் உங்க தலையில. அவங்க ஓகே சொல்றதுக்கு முன்னாடி மெக்கானிக் வேலைய ஆரம்பிச்சுட்டா அதுக்காகவே ரிஜெக்ட் பண்றதும் உண்டு.

சர்வீஸ் பில் விஷயம் தனியா சொல்லணும். என்கிட்ட வந்த ஒருத்தர், கார குழந்தை மாதிரி பாத்துக்கறவர், ஆயில் மாத்தறது அவரே தான், சரியான ஆயில், சரியான நேரம். இன்ஜின்ல பிரச்சனை வந்தப்போ கம்பெனி சர்வீஸ் பில் கேட்டுச்சு, இவர்கிட்ட ஆயில் வாங்கின ஒரு சீட்டு கூட இல்ல. அந்த மனுஷன் சொன்னது அத்தனையும் உண்மைன்னு எனக்கு தெரியும், ஆனா உண்மைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, பேப்பர் வேணுமே. கடைசியில பாதிக்கும் கம்மியா ஒரு தொகைக்கு சமாதானமா போனோம். அதனால எடுக்கறதா இருந்தா எத்தன மாசத்துக்கு ஒருக்கா, எங்க சர்வீஸ் பண்ணணும்னு பாத்து பில்ல ஒரு ஃபைல்ல போடுங்க. முன்னாடி ஓனரோட சர்வீஸ் ரெக்கார்டும் டீலர்கிட்ட கேட்டு வாங்குங்க, அது இல்லாத கார்னா எனக்கு வேற சந்தேகமே வரும்.

நீங்க எந்த நாட்டுல இருக்கீங்கன்னு எழுதல, அதனால பொதுவா ஒண்ணு சொல்றேன். இந்த வாரண்டி எடுக்கலன்னா நீங்க நட்டாத்துல இல்ல. வியாபாரமா கார் விக்கறவர்கிட்ட வாங்கும்போது பல நாட்டு சட்டம் இலவசமாவே கொஞ்சம் பாதுகாப்பு குடுக்குது. பிரிட்டன்ல 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பழைய காரும் அதோட வயசுக்கு தகுந்த தரத்துல இருக்கணும், குறை இருந்தா முதல் 30 நாளுக்குள்ள திருப்பி குடுக்கலாம், முதல் ஆறு மாசத்துல தெரிய வர்ற குறை வாங்கும்போதே இருந்ததா தான் சட்டம் எடுத்துக்கும், இல்லன்னு டீலர் நிரூபிக்கணும். பாருங்க, வாரண்டிக்காரர் கவர் ஆகாதுன்னு தள்ளிவிடற அதே குறை தான் இங்க டீலர் பொறுப்பாகுது. இந்தியாவுல 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல குறையுள்ள பொருள், சேவைக் குறைபாடு, ஒருதலைப்பட்சமான ஒப்பந்தம் எல்லாத்துக்கும் வழக்கு போடலாம், காரணம் எழுந்த நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். அமெரிக்காவுல டீலர் கார் ஜன்னல்ல ஒரு விவரத் தாள் ஒட்டணும், வாரண்டி உண்டா, இல்ல எந்த உறுதியும் இல்லாம உள்ளது உள்ளபடியே விக்கறாங்களான்னு அதுல இருக்கும். 1975ல வந்த அவங்க வாரண்டி சட்டப்படி, டீலர் தானே பொறுப்பேத்து விக்கற நேரத்துலயோ 90 நாளுக்குள்ளயோ உங்களோட சர்வீஸ் ஒப்பந்தம் போட்டா, சட்டம் தானா குடுக்கற உறுதிய அவர் மறுக்க முடியாது. ஒரு தனி ஆள்கிட்ட நேரா வாங்கினா இந்த பாதுகாப்பு எல்லாம் ரொம்ப கம்மி, அது ஞாபகம் இருக்கட்டும்.

சரி, காசு கணக்கு. வாரண்டி விக்கறவங்க சராசரியா கிளைம்ல குடுக்கறத விட கூடுதலா வசூல் பண்ணா தான் கம்பெனி நடக்கும், அதுல டீலர் கமிஷனும் இருக்கு. அதனால சராசரி ஆளுக்கு இது நஷ்ட கணக்கு, உங்க வீட்டுக்காரர் சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா ஒரு பெரிய பில் வந்தா குடும்பமே ஆட்டம் கண்டுடும்ங்கற நிலைமைன்னா, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மாதிரி சாமானுக்காக மட்டும் எடுக்கறதுல அர்த்தம் உண்டு. அந்த எட்டு பர்சென்ட்ட தனியா ஒரு அக்கவுண்ட்ல போட்டு வைக்க முடியும்னா நான் எடுக்க மாட்டேன். லோன்ல மட்டும் சேக்காதீங்க, வாரண்டிக்கும் சேத்து வட்டி கட்டுவீங்க, லோன் ரெண்டு வருஷத்துக்கு மேல போச்சுன்னா வாரண்டி முடிஞ்ச பிறகும் அதோட தவணை ஓடிட்டு இருக்கும். நடுவுல கார வித்தாலோ விபத்துல போனாலோ மிச்ச காலத்துக்கு பணம் திரும்ப வருமா, வாங்கறவர் பேருக்கு மாத்தலாமா, கையெழுத்து போட்ட பிறகு மனசு மாறினா எத்தன நாளுக்குள்ள கேன்சல் பண்ணலாம், இந்த மூணுக்கும் பேப்பர்ல பதில் இருக்கணும். விலையும் பேரம் பேசலாம், எட்டுன்னு சொல்றவர் கொஞ்சம் இறங்கி வரலாம்.

இன்னிக்கே சொல்லணும்ங்கறாரே அதுக்கு வர்றேன். டெலிவரிக்கு அப்புறம் போட முடியாதுங்கறது சில திட்டத்துல உண்மையா இருக்கலாம், ஆனா டெலிவரி இன்னிக்கு எடுக்கணும்னு உங்கள யாரும் கட்டாயப்படுத்தல. டீலருக்கு வாட்ஸ்அப்லயோ மெயில்லயோ இப்படி ஒரு மெசேஜ் போடுங்க: "முழு ஒப்பந்தத்தையும் அனுப்புங்க. எங்க மெக்கானிக் ரெண்டு நாள்ல கார பாப்பார். எல்லாமே கவர் ஆகும்னு சொன்னீங்க, கியர்பாக்ஸ் கன்ட்ரோல் யூனிட், வால்வ் பாடி ரெண்டும் அதுல சேருமான்னு எழுத்துல உறுதி பண்ணுங்க." வர்ற பதில அழிக்காம வைங்க. பதிலே வராம, ஃபோன்ல பேசிக்கலாம் வாங்கன்னு மட்டும் சொன்னா, வாரண்டிய விடுங்க, அந்த கார அவர்கிட்ட வாங்கணுமான்னே வீட்டுக்காரரோட உக்காந்து பேசுங்க.