பூனைக்குக் குளோபுலின் ஏறினால் புற்றுநோய்தானா?

கே: 13 வயதுப் பூனை, மெலிந்துகொண்டே போகிறது. ரத்தத்தில் குளோபுலின் (ஆன்டிபாடி எனும் நோய் எதிர்ப்புப் புரதங்கள் அடங்கிய புரதத் தொகுதி) மிக அதிகம். பிளாஸ்மா செல்களில் வரும் புற்றுநோயான மைலோமாதானா?

ப: இப்போதே முடிவு கட்டாதீர்கள். ஆறாத ஈறு அழற்சி, எஃப்.ஐ.பி. (பூனைக் கொரோனா வைரஸால் வரும் நோய்), நாள்பட்ட தொற்று எல்லாமே குளோபுலினை ஏற்றும். எவ்வளவு ஏறியது என்பதைவிட எந்த வடிவில் ஏறியது என்பதே முக்கியம். அதற்குத்தான் புரதங்களை வகைபிரித்து வரைபடமாகக் காட்டும் புரோட்டீன் எலக்ட்ரோபோரிசிஸ் பரிசோதனை. தொற்றில் பல வகைப் பிளாஸ்மா செல்கள் பல வகை ஆன்டிபாடிகளைச் சுரக்கும். வரைபடத்தில் அகலமான மேடு தெரியும். மைலோமாவில் ஒரே செல்லின் வாரிசுகள் ஒரே புரதத்தைக் கொட்டுவதால் ஒல்லியாக ஒரு கூர்முனை எழும். அபூர்வமாகத் தொற்றும் இப்படிக் கூர்முனை காட்டி ஏமாற்றும். ஆகவே செல்களையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். மனிதர்களுக்கு எலும்பு மஜ்ஜைதான் முதல் சந்தேகம். பூனைகளில் மண்ணீரல், கல்லீரலிலும் அடிக்கடி பரவியிருக்கும். மஜ்ஜையோடு வயிற்று ஸ்கேனும், அந்த உறுப்புகளிலிருந்து ஊசி மாதிரியும் கேளுங்கள். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது.

கே: சிறுநீர் ஸ்ட்ரிப்பில் புரதம் இல்லையே?

ப: ஸ்ட்ரிப் பெரும்பாலும் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தைத்தான் பிடிக்கும். மைலோமாவில் வெளியேறும் பென்ஸ் ஜோன்ஸ் புரதம் (ஆன்டிபாடியின் ஒரு துண்டு) அதில் தப்பிவிடும். சிறுநீருக்கும் எலக்ட்ரோபோரிசிஸ் செய்யலாம்.

கே: குளோபுலின் அதிகமுள்ள பூனைக்குத் திடீரென்று பார்வை மங்கியது.

ப: இன்றே கிளம்புங்கள். புரதம் மிகுந்து ரத்தம் கெட்டியானால் விழித்திரையில் ரத்தம் கசியும், வலிப்பும் வரலாம். வயதான பூனைக்கு உயர் ரத்த அழுத்தமும் இதே வேலையைச் செய்யும். அதையும் அளக்கச் சொல்லுங்கள்.

கே: பாதத் திண்டுகள் பஞ்சு மாதிரி வீங்கியுள்ளன. ரிப்போர்ட்டில் ‘பிளாஸ்மா செல்’ என்று இருக்கிறது!

ப: பெயரைப் பார்த்துப் பயந்துவிட்டீர்கள். பல பாதங்களில் மெத்தென்று வீங்குவது பெரும்பாலும் பிளாஸ்மா செல் பாத அழற்சி. அது புற்றுநோய் அல்ல. பல பூனைகளுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கிலேயே சரியாகிவிடும். தோலில் தனியாக, கெட்டியாக ஒரே கட்டி என்றால் கதை வேறு. எடுத்துப் பரிசோதியுங்கள்.

கே: மைலோமா உறுதியானால் மருந்து உண்டா?

ப: உண்டு. மெல்ஃபாலன் அல்லது சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்து, கூடவே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. முழுக் குணம் அரிது, நோயை அடக்கி வைக்கலாம். மெல்ஃபாலன் மஜ்ஜையையும் அமுக்கும் என்பதால் ரத்த அணுக்களை அடிக்கடி எண்ண வேண்டும். அப்புறம், பசி எடுக்கட்டும் என்று மாதிரி எடுக்கும் முன்பே ஸ்டீராய்டு கொடுக்காதீர்கள். லிம்போமாவா (நிணநீர் செல்களில் வரும் புற்றுநோய்) மைலோமாவா என்று பிரிக்கவேண்டிய இடத்தில் அது படத்தையே கலைத்துவிடும்.