விலா இறைச்சி வறண்டு போனதா? சீக்கிரம் இறக்கிவிட்டீர்கள்!

கேள்வி: ஸ்மோக்கரில் (புகையிலேயே கறியை மெதுவாக வேகவைக்கும் அடுப்பு) பன்றி விலாவை மூன்று மணி நேரம் வைத்தேன். தெர்மாமீட்டர் 75 டிகிரி காட்டியதும், இதற்கு மேல் வைத்தால் காய்ந்துவிடும் என்று இறக்கிவிட்டேன். அப்படியும் வறட்சியாக, ரப்பர் மாதிரி இழுபட்டது. சாறோடு மெத்தென்று வர என்ன செய்ய வேண்டும்?

பதில்: இன்னும் வைத்திருக்க வேண்டும். கறி வறண்டால் அதிகம் வெந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்போம். விலாவில் பெரும்பாலும் அது வேக்காடு போதாததன் அடையாளம்.

பன்றி இறைச்சியின் முழுத் துண்டு 63 டிகிரி செல்சியஸைத் தொட்டு, 3 நிமிடம் ஆறினாலே பாதுகாப்பாகச் சாப்பிடலாம். ஆனால் விலாவில் கொலாஜன் என்ற இணைப்புத் திசுப் புரதம் நிறைய உண்டு. 75 டிகிரிக்கு வரும்போது தசையின் நார்கள் சுருங்கித் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டிருக்கும். கொலாஜனோ இன்னும் சரியாகக் கரைந்திருக்காது. நீங்கள் இறக்கியது அந்த மோசமான கட்டத்தில். வெளியேறிய தண்ணீர் திரும்ப வராது. ஆனால் 90 முதல் 95 டிகிரி வரை பொறுமையாகக் கொண்டுபோனால் கொலாஜன் ஜெலட்டினாக மாறி, உருகிய கொழுப்போடு சேர்ந்து நார்களுக்கு இடையே படரும். வாயில் சாறு என்று நாம் உணர்வது பெரும்பாலும் இதைத்தான்.

இதற்கு நேரம் வேண்டும். ஸ்மோக்கரின் சூடு 110 முதல் 120 டிகிரிக்குள் இருந்தால், முதுகெலும்பை ஒட்டிய சின்ன விலாவுக்கு 4 முதல் 5 மணி நேரம், வயிற்றுப் பக்கத்துப் பெரிய விலாவுக்கு 5 முதல் 6 மணி நேரம் ஆகும். மூடியில் பொருத்தியிருக்கும் மீட்டரை நான் நம்புவதில்லை. கறி கிடக்கும் கம்பி வலையின் உயரத்தில் ஒரு தெர்மாமீட்டரை வையுங்கள்; இரண்டுக்கும் கணிசமான வித்தியாசம் இருக்கலாம்.

65 முதல் 75 டிகிரிக்குள் எங்கோ சூடு ஏறாமல் அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. மேற்பரப்பின் ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர்விப்பதால் வரும் தேக்கம் அது. பதறித் தீயைக் கூட்டாதீர்கள். மேலே கருஞ்சிவப்பு நிறம் பிடித்து, நகத்தால் சுரண்டினாலும் மசாலா உதிராத நிலை வந்ததும், இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீரோ ஆப்பிள் சாறோ விட்டு அலுமினியத் தாளில் இறுக்கமாகச் சுற்றிவிடுங்கள். ஆவியாதல் நின்று சூடு மறுபடி ஏறும். திரவம் அதிகமானால் புகைக்கறி போய் அவித்த கறியாகிவிடும். ஒரு மணி நேரம் கழித்துப் பிரித்துப் பாருங்கள்.

வெந்துவிட்டதா என்று பார்க்கத் தெர்மாமீட்டர் மட்டும் போதாது. எலும்புகளுக்கு நடுவே கறி மெல்லியது; தெர்மாமீட்டரின் முனை எலும்பைத் தொட்டால் அளவு தப்பாகும். அதனால் இடுக்கியால் ஒரு முனையிலிருந்து பாதி நீளம் வரை பிடித்துத் தூக்குங்கள். மறுபாதி நன்றாக வளைந்து தொங்கி, வளைவில் மேல்பரப்பு லேசாக விரிசல் விட வேண்டும். விறைப்பாக நின்றால் இன்னும் அரை மணி நேரம். தூக்கும்போதே எலும்பு கழன்று விழுந்தால் கொஞ்சம் கூடிவிட்டது என்பது என் கணக்கு, அதையே விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

அடுப்பில் ஏற்றுவதற்கு முன் இரண்டு வேலை. எலும்புப் பக்கம் இருக்கும் மெல்லிய சவ்வை மழுங்கிய கத்தியால் ஒரு ஓரத்தில் கிளப்பி, வழுக்காமல் காகிதத்தால் பிடித்து உரித்துவிடுங்கள். அது எத்தனை மணி நேரம் வெந்தாலும் மென்று தின்ன வராது. அப்புறம், கிலோவுக்கு 10 கிராம் உப்பு வீதம் முந்தைய இரவே தடவிக் குளிர்பெட்டியில் வைத்தால், உப்பு உள்ளே இறங்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும். இடையிடையே திரவம் தெளிப்பது மேற்பரப்பு கருகாமல் காக்கும், அவ்வளவுதான். அதற்காக மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சூடு போய்விடும். இனிப்பு சாஸ் கடைசி அரை மணி நேரத்தில் போதும், முன்பே தடவினால் சர்க்கரை கருகும்.

வெட்டும்போது மேல்பரப்புக்குக் கீழே இளஞ்சிவப்பு வளையம் தெரிந்தால் வேகவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டாம், அது புகையில் உள்ள வாயுக்கள் தரும் நிறம்.

ஏற்கெனவே இறக்கிய கறி மீதம் குளிர்பெட்டியில் இருக்கிறதா? கொஞ்சம் தண்ணீர் தெளித்து அலுமினியத் தாளில் சுற்றி, 130 டிகிரி சூட்டில் ஓவனில் ஒரு மணி நேரம் வைத்து, வளைத்துப் பாருங்கள். புகை மணம் ஏறிவிட்டதால் மறுபடி ஸ்மோக்கரைப் பற்றவைக்கத் தேவையில்லை.