சொகுசு எலக்ட்ரிக் எஸ்யூவியா, சின்ன எலக்ட்ரிக் ஹேட்ச்பேக்கா? சம்பளத்தை வச்சு ஒரு கணக்கு

கேள்வி: சார், எனக்கு 38 வயசு. மனைவி, ரெண்டு பசங்க, கூட அம்மாவும் இருக்காங்க, முட்டி வலி உள்ளவங்க. என் ஒருத்தன் சம்பளம்தான். பழைய பெட்ரோல் காரை குடுத்துட்டு எலக்ட்ரிக்குக்கு மாறப் போறேன். என் ஆசை ஒரு சொகுசு எலக்ட்ரிக் எஸ்யூவி, விலை என் 40 மாச சம்பளம். மனைவி சொல்றது சின்ன எலக்ட்ரிக் ஹேட்ச்பேக், அது 10 மாச சம்பளத்துல முடிஞ்சிரும். சேமிப்பு 14 மாச சம்பளம் அளவுக்கு இருக்கு, அதுல 10 மாசத்தோடதை முன்பணமா கட்டிட்டு மிச்சத்துக்கு 9 சதவீத வட்டியில 7 வருஷம் லோன் போடலாம்னு இருக்கேன். வீட்டு லோனுக்கு ஏற்கனவே சம்பளத்துல 20 சதவீதம் போகுது. தினமும் 50 கிலோமீட்டர் ஓட்டுவேன், வருஷத்துக்கு மூணு நாலு தடவை தூரப் பயணம். பெட்ரோல் மிச்சம், பாதுகாப்பு ஜாஸ்தி, ஒரே தடவையா நல்லதா வாங்கிட்டா 10 வருஷம் கவலை இல்ல. நான் நினைக்கறது சரியா?

பதில்: உங்க வருமானத்துக்கு அந்த எஸ்யூவி வேணாம்னுதான் சொல்வேன். ஏன்னு கேட்டா, நீங்க குடுத்த நம்பரையே போட்டுப் பாருங்க. 30 மாச சம்பளம் லோன், 9 சதவீதம், 7 வருஷம்னா மாச இஎம்ஐ உங்க சம்பளத்துல 48 சதவீதம் வருது, வீட்டு லோன் 20-ஐயும் சேர்த்தா 68, மிச்சம் இருக்கற 32 சதவீதத்துலதான் ஸ்கூல் ஃபீஸ், மளிகை, அம்மாவோட மருந்து, இன்சூரன்ஸ் எல்லாமே ஓடணும். 7 வருஷத்துல நீங்க கட்டுற வட்டி மட்டும் பத்தரை மாச சம்பளம். உங்க மனைவி கேக்கற கார் விலையே 10 மாச சம்பளம்தானே? அதாவது ஒரு முழு ஹேட்ச்பேக்கோட விலையை வட்டியா மட்டும் பேங்குக்கு குடுக்கப் போறீங்க, அதுக்கு வாசல்ல ஒரு காரும் வந்து நிக்காது.

இப்ப ஹேட்ச்பேக். 5 மாச சம்பளத்தை முன்பணமா கட்டி, மிச்ச 5-ஐ அதே 9 சதவீதத்துல 3 வருஷம் போட்டா இஎம்ஐ 16 சதவீதம், மொத்த வட்டி ஒரு மாச சம்பளத்தை கூடத் தொடாது. சேமிப்புல 9 மாச சம்பளம் அப்படியே இருக்கும், ஒருத்தர் சம்பளத்துல ஓடுற வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய தைரியம்னு நான் சொல்ல வேண்டியதில்ல. எஸ்யூவி வாங்குனா கையில நிக்கறது 4 மாசம், வேலை போச்சுன்னா ரெண்டு லோனையும் கட்டிக்கிட்டு அது எத்தனை நாளைக்கு தாங்கும்?

பெட்ரோல் மிச்சம்னு எழுதியிருக்கீங்க. அது உண்மைதான், ஆனா அந்த மிச்சம் ரெண்டு கார்லயும் கிடைக்கும். சின்ன கார் 100 கிலோமீட்டருக்கு சுமாரா 12ல இருந்து 14 யூனிட் கரண்ட் எடுக்கும், பெரிய எஸ்யூவி 20, 22 யூனிட் எடுக்கும், ஏன்னா அதுல பல மாடல் 2 டன்னுக்கு மேல வெயிட்டு. வருஷம் 15,000 கிலோமீட்டர்னா வித்தியாசம் ஒரு 1,200 யூனிட் வரும், உங்க இஎம்ஐ முன்னாடி அது சில்லறை. கரண்ட் செலவை வச்சு இந்த முடிவை எடுக்காதீங்க, பெட்ரோல் மிச்சத்தை காட்டி எஸ்யூவிய நியாயப்படுத்தவும் செய்யாதீங்க.

உண்மையில பணம் போற இடம் தேய்மானம், அதாவது வருஷம் போகப் போக காரோட விலை மதிப்பு இறங்கறது. பேட்டரி விலை 2010-ல இருந்ததுல பத்துல ஒரு பங்கு அளவுக்கு வந்துருச்சு, புது மாடல் வர வர ரேஞ்ச் (ஒரு சார்ஜ்ல ஓடற தூரம்) கூடுது, சார்ஜிங் வேகமாகுது, அதனால பழைய எலக்ட்ரிக் கார் செகண்ட் ஹேண்ட் சந்தையில சீக்கிரமே பழசா தெரியுது. 2023 ஜனவரில டெஸ்லா அமெரிக்காவுல சில மாடலோட விலையை 20 சதவீதம் வரைக்கும் குறைச்சுது, கொஞ்ச நாள் முன்னாடி முழு விலை குடுத்து வாங்குனவங்க காரோட மதிப்பும் அதோட சேர்ந்து இறங்குச்சு. 2024 ஜனவரில ஹெர்ட்ஸ் வாடகை கார் கம்பெனி தன்கிட்ட இருந்த எலக்ட்ரிக் கார்ல சுமார் 20,000-ஐ விக்கப் போறதா சொல்லுச்சு, மதிப்பு சரிவும் மோதல் ரிப்பேர் செலவும் அதுக்கு முக்கிய காரணம். மொத்தமா வாங்கி மொத்தமா விக்கறவங்களுக்கே அந்த நிலைமை.

சொகுசு எலக்ட்ரிக் காருக்கு 3 வருஷத்துல பாதி விலை போறது அரிதான விஷயம் இல்ல. உங்க கார் அப்படி இறங்குனா 20 மாச சம்பளத்துக்கு விக்கும், அப்ப லோன்ல பாக்கி 19 மாசத்துக்கு மேல நிக்கும். முன்பணம் 10, அதுவரைக்கும் கட்டுன இஎம்ஐ 17, ஆக 27 மாச சம்பளம் போயிருக்கும், வித்தா கைக்கு வர்றது ஒரு மாச சம்பளம் கூட இல்ல. ஹேட்ச்பேக்கும் பாதியா இறங்கட்டுமே, நஷ்டம் 5 மாச சம்பளம், அதுவும் வலிக்கும், ஆனா குடும்பம் ஆடாது.

10 வருஷம் வச்சுக்கறேன், விக்கவே மாட்டேன்னா தேய்மானம் எனக்கு எதுக்குன்னு கேப்பீங்க. சரி, ஆனா பேட்டரி வாரன்டி பெரும்பாலும் 8 வருஷம் இல்லாட்டி 1,60,000 கிலோமீட்டர், எது முதல்ல வருதோ அது. அடியில கல்லு பட்டு பேட்டரி உறை நசுங்குனா வாரன்டியில வராது, இன்சூரன்ஸ்தான் பாக்கணும், பெரிய பேட்டரிக்கு பில்லும் பெருசாத்தான் வரும். ஷோரூம் போனா ஒண்ணு பண்ணுங்க, நாலு டயரும் சேர்த்து மாத்த எவ்வளவு, முன்கண்ணாடி மாத்த எவ்வளவு, ரெண்டாம் வருஷ இன்சூரன்ஸ் எவ்வளவுன்னு எழுதி வாங்குங்க. 20, 21 இஞ்ச் டயர், அதுக்கு மேல அந்த வெயிட்டு, டயரும் சீக்கிரம் தேஞ்சிரும். யானையை கட்டி தீனி போடறதுன்னு சொல்லுவாங்களே, அந்த தீனியோட விலைப்பட்டியல்தான் இந்த பேப்பர்.

சார்ஜிங்ல சின்ன கார் ஜெயிக்குது, இதை நிறைய பேர் கவனிக்கறதில்ல. வீட்டு சாதாரண பிளக்ல மணிக்கு 2 யூனிட் ஏறுதுன்னு வச்சுக்குவோம், ராத்திரி 10 மணி நேரத்துல 20 யூனிட், ஹேட்ச்பேக்குக்கு அது கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர், எஸ்யூவிக்கு 100-ஐ தொடறதே கஷ்டம். உங்க 50 கிலோமீட்டருக்கு ரெண்டுமே போதும், ஆனா எஸ்யூவியோட பெரிய பேட்டரியை ஒரேடியா நிரப்பணும்னா தனி சார்ஜர், சில வீட்ல வயரிங்கே மாத்த வேண்டி வரும், அது தனி செலவு. விலை கம்மியான கார் பலதுல எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரி வருது, அதை 100 சதவீதம் வரைக்கும் சார்ஜ் பண்ணலாம், ரொம்ப நாள் உழைக்கும்.

தூரப் பயணத்துக்கு பெரிய கார் வாடகைக்கு எடுங்க. வருஷத்துல நாலு தடவைக்காக 365 நாளும் பெரிய பேட்டரியை சுமக்க வேண்டியதில்ல, வாடகையை எப்படி கூட்டிப் பாத்தாலும் ரெண்டு இஎம்ஐக்கும் நடுவுல உள்ள 32 சதவீதத்துக்கு பக்கத்துல வராது. அந்த 32-ஐ மாசா மாசம் தனியா போட்டு வந்தீங்கன்னா 3 வருஷத்துல அசல் மட்டும் 11 மாச சம்பளத்தை தாண்டிரும்.

பாதுகாப்புங்கறது நியாயமான கவலை, இதுல உங்களை நான் மறுக்கல. கனமான கார்ல உள்ள இருக்கறவங்களுக்கு மோதல்ல கொஞ்சம் அனுகூலம் உண்டு. ஆனா விலை வேற, பாதுகாப்பு வேற. மோதல் சோதனையில நல்ல ஸ்டார் வாங்குன, பக்கவாட்டு ஏர்பேக்கும் ஈஎஸ்சியும் (கார் சறுக்காம கட்டுப்படுத்தற வசதி) உள்ள ஹேட்ச்பேக் இருக்கு, அது இல்லாத வேரியன்ட்டை விலை கம்மின்னு எடுத்துராதீங்க, அந்த இடத்துல மட்டும் கஞ்சத்தனம் வேணாம்.

இவ்வளவுக்கு அப்புறமும் மனசு எஸ்யூவிலயே நின்னா, புக் பண்றதுக்கு முன்னாடி ஆறு மாசம் அந்த 48 சதவீதத்தை ஒவ்வொரு சம்பள நாளும் வேற அக்கவுன்ட்டுக்கு மாத்திப் பாருங்க. ஒரு மாசம் கூட அதுல கை வைக்காம வீடு ஓடுச்சுன்னா திரும்ப எழுதுங்க, பேசலாம்.

உங்க கேள்வியில என்னை நிறுத்துன விஷயம் அம்மாவோட முட்டி வலி. ஹேட்ச்பேக் சீட் சில மாடல்ல ரொம்ப தாழ்வு, உக்காந்து எந்திரிக்கறது அவங்களுக்கு வேதனையா இருக்கும். டெஸ்ட் டிரைவுக்கு அவங்களை கூட்டிட்டுப் போங்க, பின் சீட்ல அவங்களே ஏறி இறங்கட்டும், நாலஞ்சு தடவை. முடியலன்னா அந்த மாடலை விட்டுட்டு கொஞ்சம் உயரமான சீட் உள்ள சின்ன எலக்ட்ரிக் கிராஸ்ஓவர் பாருங்க, அதுக்காக விலை 14 மாச சம்பளம் வரைக்கும் போனாலும் நான் தடுக்க மாட்டேன், ஆனா முன்பணம் 5 மாச சம்பளத்துக்கு மேல வேணாம், மிச்சத்தை 5 வருஷ லோனா போட்டா இஎம்ஐ 20 சதவீதத்துக்குள்ள நிக்கும்.