பாதி ஆள் போதுமா?

கேள்வி: ஓசூர் கம்பெனிகளில் நாலு பேர் வேலையை ரெண்டு பேர் பார்க்கிறார்கள். தமிழக அரசும் ஊழியர்களில் பாதியைக் குறைத்தால் கஜானாவும் மிஞ்சும், லஞ்சமும் ஒழியுமே?
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: பாதி இல்லாவிட்டாலும் கொஞ்சம் செய்து பார்த்தாயிற்று ஐயா. 2001 நவம்பரில் ஆசிரியர், டாக்டர், போலீஸ் போன்றவர்களை விட்டுவிட்டு மற்ற நியமனங்களுக்குத் தடை போட்டார்கள். 2006 வரை நீடித்தது. இதற்கு நடுவில்தான், 2004 பிப்ரவரியில், உங்கள் தர்மபுரியைப் பிரித்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் உண்டானது. ஆளெடுக்கத் தடை, ஆனால் புது மாவட்டம்! 2002-இல் சுமார் 10 ஆயிரம் சாலைப் பணியாளர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ரோட்டில் குழி மூடுகிறவர்கள், ஓரத்துப் புதரை வெட்டுகிறவர்கள். 2006-இல் அவர்களையே திரும்பக் கூப்பிட்டார்கள். வெளியில் நின்ற 41 மாதத்தைப் பணிக்காலமாகச் சேர்க்கச் சொல்லி அப்புறம் எத்தனை போராட்டம், எத்தனை வழக்கு!

சரி, கம்பெனிக் கணக்குக்கு வருவோம். லாபமில்லாத சரக்கைக் கம்பெனி நிறுத்திவிடலாம். அஞ்செட்டி மலைக்கிராமத்தில் லாபமில்லை என்று தாசில்தார் கைகழுவ முடியுமா? ஒரு வி.ஏ.ஓ. இடம் காலியானால் பக்கத்து ஊர்க்காரருக்குக் 'கூடுதல் பொறுப்பு' என்று எழுதிவிடுவார்கள். அவர் இன்றைக்கு எந்த ஊரில் இருக்கிறார் என்று தேடுவது ஜனங்களின் பொறுப்பு. பட்டா மாறுதலுக்கு இ-சேவை மையத்தில் மனு போடலாம்தான். உட்பிரிவு என்று வந்தால் சர்வேயர் நிலத்தில் வந்து நின்று அளந்தே ஆக வேண்டும். அவருக்காக நடையாய் நடக்கிறவரின் பஸ் காசும் போன கூலியும் எந்த பட்ஜெட்டிலும் ஏறாது. லஞ்சம் ஒழியும் என்கிறீர்கள். ஒரே சர்வேயர், காத்திருப்பவர் ஐம்பது பேர் என்றால் ரேட் ஏறுமா, இறங்குமா?

ஆளெடுக்காமல் விட்டால் சம்பளம் மிஞ்சும். ஏற்கனவே ஓய்வுபெற்றவர்களின் பென்ஷன் ஒரு பைசா குறையாது. அதையும் கணக்கில் வையுங்கள்.

வேலையில்லாத நாற்காலிகள் உண்டு, மறுக்கவில்லை. அவற்றைக் கண்டுபிடிக்க 2018-இல் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆதிசேஷய்யா தலைமையில் குழுவே போட்டார்கள். உபரி ஆட்களை ஆளில்லாத இடத்துக்கு அனுப்பலாம், நல்ல யோசனைதான். கோட்டையில் மிஞ்சுகிற ஒருவரை அரூருக்கு மாற்றிப் பாருங்கள். அவர் பெட்டி கட்டுவதற்குள் சிபாரிசுக் கடிதம் கிளம்பிவிடும்.