வில்லேஜ் வேன்கார்டில் ஒரு ஞாயிறு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் ஜாஸ் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு மேடையில் வாசித்துப் பதிவான 'சண்டே அட் தி வில்லேஜ் வேன்கார்ட்' இசைத்தட்டைக் கேட்டேன். அதில் பேஸ் (ஆளுயரத்துக்கு நிற்கும் தந்தி வாத்தியம்) வாசித்த ஸ்காட் லஃபாரோ இந்தப் பதிவு முடிந்த 11ஆம் நாள் கார் விபத்தில் இறந்துபோனார் என்று முன்பே வாசித்திருந்தேன். அவருடைய கடைசிக் கச்சேரி என்ற நினைப்போடு கேட்டதாலோ என்னவோ, ஒவ்வொரு மீட்டலிலும் சாவுதான் கேட்டது. கண் கலங்கிவிட்டது. ஒரே குறை, பின்னால் ஆட்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், கண்ணாடி டம்ளர்கள் மோதிக்கொள்கின்றன. இரைச்சலை நீக்கிய பதிப்பு இருக்கிறதா? அடுத்து எதைக் கேட்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

முதலில் ஒரு திருத்தம். அது லஃபாரோவின் கடைசிக் கச்சேரி அல்ல. நியூயார்க்கின் வேன்கார்ட் விடுதியில் அவர்கள் வாசித்தது 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பிறகு ஜூலை தொடக்கத்தில் நியூபோர்ட் ஜாஸ் விழாவுக்குப் போய் சாக்ஸஃபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸோடு மேடையேறினார். ஜூலை 6 அதிகாலையில்தான் நியூயார்க் மாநிலத்தில் ஜெனீவா என்ற ஊருக்கருகே அவர் ஓட்டிய கார் மரத்தில் மோதியது. உடன் வந்த நண்பரும் இறந்தார். லஃபாரோவுக்கு 25 வயது.

இதைத் தேதிக் கணக்குக்காகச் சொல்லவில்லை. அந்த ஞாயிறன்று அவருக்கு அடுத்த வாரம் வேறு வேலை இருந்தது. விடைபெறும் எண்ணமெல்லாம் மேடையில் யாருக்கும் கிடையாது.

நானும் இதே தப்பைச் செய்திருக்கிறேன். ஒருநாள் ராத்திரி நண்பர்கள் இரண்டு பேரை உட்காரவைத்து விபத்துக் கதையை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் இசைத்தட்டைப் போட்டேன். இருவரும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். லஃபாரோ பல இடங்களில் எவன்ஸைச் சீண்டி விளையாடுவார். அங்கே ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

அந்த விளையாட்டுதான் விஷயமே. அதுவரை ஜாஸில் பேஸ் பெரும்பாலும் பக்கவாத்தியம். ஒரு தாளச் சுற்றுக்கு நான்கு தட்டென்று சீராக நடந்துகொண்டே இருக்க வேண்டும், மற்றவர்கள் அதன்மேல் ஏறி நின்று வாசிப்பார்கள். லஃபாரோ நடக்க மறுத்தார். எவன்ஸ் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நடுவில் புகுந்து பதில் சொல்வார், சில சமயம் பியானோவின் மேல் ஸ்தாயிக்கே ஏறிவந்து பேசுவார். டிரம்ஸில் பால் மோஷனும் தாளத்தைக் காவல் காக்காமல் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார். அடிக்கணக்கு மூவர் மனதிலும் ஓடிக்கொண்டிருக்கிறது, யாரும் அதை உரக்கச் சொல்வதில்லை.

நீங்கள் கேட்ட சாவு எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அன்று மதியம் இரண்டு, மாலை மூன்று என ஐந்து சுற்று வாசித்தார்கள். நீங்கள் கேட்ட இசைத்தட்டில் இருப்பது அவற்றில் ஆறே பாடல்கள். விபத்துக்குப் பிறகு எவன்ஸும் தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூஸும் உட்கார்ந்து, லஃபாரோ முன்னால் நிற்கும்படி பார்த்துப் பார்த்துப் பொறுக்கியவை. முதல் பாடலான 'குளோரியாஸ் ஸ்டெப்', கடைசிப் பாடலான 'ஜேட் விஷன்ஸ்' இரண்டுமே லஃபாரோ இயற்றியவை. தொகுத்த விதத்திலேயே ஒரு அஞ்சலி இருக்கிறது. கலங்கியது உங்கள் தவறல்ல.

ஆகவே அடுத்து எங்கும் போக வேண்டாம். அதே நாளின் ஒலிநாடாவிலிருந்து வந்த இரண்டாவது இசைத்தட்டான 'வால்ட்ஸ் ஃபார் டெபி'யைக் கேளுங்கள். டெபி எவன்ஸின் அண்ணன் மகள். அவள் பெயரிலான பாடலில் முதலில் பியானோவும் பேஸும் மட்டும் மூன்றடித் தாளத்தில் மெதுவாகப் போகும். பிறகு மோஷன் டிரம்ஸை வருடி வாசிக்கும் பிரஷ்களோடு உள்ளே வந்ததும் நான்கடிக்கு மாறிவிடும். அந்த மாற்றத்தில் நாற்காலியில் லேசாக நிமிர்ந்து உட்காராமல் என்னால் இன்றுவரை கேட்க முடிந்ததில்லை.

இரைச்சல் விவகாரம். நீக்க முடியாது, பியானோவுக்கு வைத்த மைக்கிலேயே டம்ளர் சத்தமும் ஏறியிருக்கிறது. எனக்கு அதை நீக்கவும் வேண்டாம். வேன்கார்ட் என்பது நியூயார்க் நகரத்தின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் படியிறங்கிப் போகவேண்டிய ஒரு நிலவறை. 1935இல் மேக்ஸ் கார்டன் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. அங்கே குடிக்கவும் அரட்டையடிக்கவும் வந்த ஜனம் அது. 2005இல் முழுப் பதிவும் மூன்று குறுந்தகடுகளாக வந்தது, வாசித்த வரிசையிலேயே. அதில் முதல் 'குளோரியாஸ் ஸ்டெப்' நடுவில் அறுந்துபோகிறது, மின்சாரம் போனதால். அன்றைய கடைசிச் சுற்றில் 'ஜேட் விஷன்ஸை' ஒருமுறை வாசித்து, உடனே இன்னொரு முறை வாசிக்கிறார்கள். ஒரு சாதாரண வேலை நாள். வரலாற்றைத் தேடிப் போகிறவர்களுக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருக்கும்.

துக்கமே வேண்டுமென்றால் அது அடுத்த வருடத்தில் இருக்கிறது. லஃபாரோ போனபின் எவன்ஸ் பல மாதங்கள் மேடைப் பக்கமே வரவில்லை. 1962இல் சக் இஸ்ரேல்ஸைப் பேஸுக்கு வைத்துக்கொண்டு பதிவுசெய்த 'மூன் பீம்ஸ்' முழுக்க மெதுநடைப் பாடல்கள். அதன் முதல் பாடலின் பெயர் 'ரீ: பெர்சன் ஐ நியூ'. எனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றி என்று பொருள். யாரைப் பற்றி என்று நீங்கள் ஊகிப்பது எனக்குத் தெரிகிறது. நானும் பல வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அது ஓரின் கீப்நியூஸ் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டு எவன்ஸ் உண்டாக்கிய விளையாட்டு.