பொக்லைன் பயிற்சியில் சேர்க்கும் முன்

மகன் பொக்லைன் ஆபரேட்டர் ஆகப் போகிறேன் என்கிறான், என்ன செய்வது என்று பதறிப்போய்க் கேட்டிருக்கிறீர்கள். படிப்பு ஏறாத பிள்ளைகள் போகும் வேலை என்ற நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள். 20 டன் மெஷினை, ஆட்கள் நடமாடும் இடத்தில், மண்ணுக்குள் கிடக்கும் கேபிளிலும் குழாயிலும் மண் அள்ளும் பக்கெட் படாமல் இயக்கக் கையும் கண்ணும் தலையும் சேர்ந்து ஓட வேண்டும்.

பயிற்சி மையத்தின் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு மெஷினுக்கு எத்தனை பேர், என் பையன் சீட்டில் உட்கார்ந்து ஓட்டுவது மொத்தம் எத்தனை மணி நேரம், இதைக் கேளுங்கள். பத்துப் பேருக்கு ஒரு மெஷின் என்றால் மற்ற நேரமெல்லாம் அவன் வேடிக்கைதான் பார்ப்பான். சிமுலேட்டர், அதாவது திரையில் ஓட்டிப் பழகும் போலி மெஷின், ஆரம்பத்துக்கு நல்லது, இடது லீவரில் கேபின் சுழல்வதும் ஆர்ம் (பக்கெட்டைத் தாங்கும் முன்கை) நீள்வதும், வலது லீவரில் பூம் (மெஷினோடு சேர்ந்த பெரிய கை) ஏறி இறங்குவதும் பக்கெட் மடங்குவதும் கைக்குப் பழகிவிடும். லீவர்களை அமைக்கும் முறைகளில் இது ஐஎஸ்ஓ முறை. எஸ்ஏஇ என்ற இன்னொரு முறையில் பூமும் ஆர்மும் கை மாறும், அதனால் புது மெஷினில் ஏறியதும் எந்த முறை என்று பார்க்கவும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டும். ஆனால் மண் இளகி மெஷின் ஒரு பக்கம் இறங்குவதை உடம்பு உணர்வதற்கு நிஜ மெஷின்தான் வேண்டும்.

அப்புறம், விபத்து பயம். நியாயமான பயம்தான். நல்ல பயிற்சியாளர் சாவியைத் தொடுவதற்கு முன் மெஷினைச் சுற்றி வரச் சொல்வார்: ஆயில், கூலன்ட், டிராக் (சக்கரத்துக்குப் பதிலான சங்கிலிப் பட்டை), மூட்டுகளின் பின்களில் கிரீஸ், அழுத்த எண்ணெய் ஓடும் ஹைட்ராலிக் ஹோஸ். ஹோஸில் ஊசித்துளைக் கசிவு இருந்தால் கையால் தடவவே கூடாது, அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூடப் பெரிதாக இருக்காது, ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அட்டைத் துண்டை நீட்டித்தான் கசிவைப் பார்ப்பார்கள். சீட் பெல்ட்டும் அப்படித்தான். மெஷின் கவிழும்போது வெளியே குதிப்பவர்கள்தான் அடியில் சிக்குகிறார்கள், பெல்ட் போட்டிருந்தால்தான் கேபின் காப்பாற்றும்.

கிரேன் ஆசை இருந்தால் பிறகு பார்க்கலாம், அதற்கு லோடு சார்ட், அதாவது எவ்வளவு தூரத்தில் எவ்வளவு எடை தூக்கலாம் என்ற அட்டவணை, படிக்கும் கணக்கு வேண்டும். பூம் எட்ட எட்டத் தூக்கும் எடை குறைந்துகொண்டே போகும். முதலில் ஒரு மெஷினில் கை நிற்கட்டும். நாள் முழுக்க அதிர்வில் உட்காரும் வேலை, முதுகுக்கு இப்போதே உடற்பயிற்சி செய்யச் சொல்லுங்கள்.

பணம் கட்டும் முன் ஒரு காலையில் நீங்களும் அவனோடு பயிற்சி மையத்தில் போய் நில்லுங்கள். மெஷினைச் சுற்றிப் பார்க்காமல் நேராக ஸ்டார்ட் செய்தால், வேறு இடம் தேடுங்கள்.